பாவம், குழந்தை!

உலகத்தில் பாவம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பாவம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தைப் பற்றியும் வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அதைப் பற்றித்தான் யாரும் வாயைத் திறப்பதில்லை. பாவம் செய்யாமல், பாவமும் பார்க்காமல், பாவமாகவே இருந்து காலத்தை ஓட்டுகிறவர்கள். பாவமாக இருப்பதையே முழுநேர உத்தியோகமாக ஏற்றுக்கொண்டு, பதவி உயர்வும் கேட்காமல், ஓய்வும் பெறாமல், மீசை நரைக்கும் வரை விசுவாசமாக உழைக்கிறவர்கள். உங்களுக்கு இப்போதே ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்குமே? மச்சினன் முகம்தானே? மெதுவாகச் சிரியுங்கள். பக்கத்து அறையில் அவருடைய அக்கா இருக்கிறார்.

இந்த இனம் இப்போது ஏன் இப்படிப் பெருகிவிட்டது என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். முன்பெல்லாம் ஒரு பிள்ளை ஆளாவதற்கு ஒரு வீட்டை விட்டு வெளியே வந்தால் போதும். அப்பாவிடம் திட்டு வாங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால், தெருமுனை தாண்டுவதற்குள் பாதி மனுஷனாகிவிடுவான். போக வேறு இடம் கிடையாது பாருங்கள். இப்போது அம்மாவுக்கு ஒரு வீடு, அப்பாவுக்கு ஒரு வீடு. ஒன்றில் கோபித்துக்கொண்டு கிளம்பினால் இன்னொன்றின் சோபாவில் போய் விழலாம். அங்கே கொஞ்சம் முகம் சுளித்தால் மறுபடி இங்கே. தெரு என்பது இரண்டு சோபாக்களுக்கு நடுவில் நடந்து போகிற வழி, அவ்வளவுதான். உடனே சண்டைக்கு வராதீர்கள், பெற்றோர் பிரிந்த வீட்டுப் பிள்ளைகளெல்லாம் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பாதிப் பேர் பத்து வயதிலேயே பெரிய மனுஷராகி, அம்மாவுக்கே புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது மற்றப் பாதியை. அந்தப் பாதியிலும் குறிப்பாக ஒருவரை.

அவருக்கு வீட்டில் வைத்திருக்கும் பெயர் குழந்தை. குழந்தைக்கு வயது முப்பத்திரண்டு.

அம்மாவும் அப்பாவும் பிரிந்தபோது குழந்தை நிஜமாகவே குழந்தைதான். மூன்றாம் வகுப்பு. அன்றைக்கு ஓர் அத்தை வந்து தலையைத் தடவி, "பாவம், குழந்தை!" என்று மூக்கைச் சிந்திவிட்டு, கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைத் திணித்தாள். விக்கி விக்கி அழுதுகொண்டிருந்த குழந்தை சட்டென்று நிறுத்தி, யோசித்தது. பாவம் என்றார்கள், உடனே பிஸ்கட் வந்தது. துக்கம் நிஜமான துக்கம்தான், அதைக் கேலி செய்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் துக்கம் இரண்டொரு வருஷத்தில் ஆறிவிட்டது. பிஸ்கட் நிற்கவில்லை. அங்கேதான் வந்தது வினை.

குழந்தைக்கு மீசை வந்தது. குரல் உடைந்தது. திரைச்சீலைக் கடையில் வேலையும் கிடைத்தது. வீடு வீடாகப் போய், ஏணி போட்டு ஏறி, ஜன்னல்களுக்கு அளவெடுத்து வருகிற வேலை. அதில் குழந்தை கெட்டிக்காரர், குறை சொல்லக்கூடாது. "இது வெயில் அடிக்கிற பக்கம் மேடம், இந்தத் துணி ஒரு வருஷத்துல வெளுத்துடும்" என்று அவர் சொன்னால் எதிர்ப்பேச்சு கிடையாது. கடைக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு ஒரு வீடும் எடுத்துவிட்டார். அப்பாடா, பையன் தனிக்குடித்தனம் போய்விட்டான் என்று ஊரே நினைத்தது. அந்த வீட்டில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, குடிவந்த நாளிலிருந்து பிரிக்காத நான்கு அட்டைப்பெட்டிகள். ஊர் ஜன்னலுக்கெல்லாம் அளவெடுத்தவர் வீட்டு ஜன்னலில் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது.

குழந்தை அங்கே தூங்குவார். வாழ்வது வேறு இடத்தில். சட்டைகள் அம்மா வீட்டில் துவைபடும், பேண்ட்டுகள் அப்பா வீட்டில். யார் மனமும் நோகக்கூடாதே! ஒருமுறை அப்பாவும் சித்தியும் சொல்லாமல் கொள்ளாமல் வெளியூர் போய்விட, குழந்தை இஸ்திரி போட்ட சட்டையும் பூப்போட்ட பைஜாமாவுமாக ஒரு வக்கீல் வீட்டு ஜன்னலுக்கு அளவெடுக்கப் போனார். வக்கீல் ஒன்றும் கேட்கவில்லை. வக்கீலின் மனைவி மட்டும், "பாவம், என்ன கஷ்டமோ" என்று காப்பி கொடுத்தாராம்.

சித்தி என்றது அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட அம்மாளை. நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். அம்மா மருந்துக்கடையில் பில் போடுகிறவர். அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று பேருமே நல்லவர்கள். நல்லவர்கள் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது.

தொழில் எப்படி நடக்கும் என்று பாருங்கள். அம்மா வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அம்மா கேட்பார்:

"அங்க போயிருந்தியாமே? என்ன போட்டாங்க?"

"ம்... என்னமோ போட்டாங்க."

அந்த 'என்னமோ' இருக்கிறதே, அது லேசுப்பட்ட சொல் இல்லை. அதைச் சொல்லும்போது குழந்தை தலையைக் கொஞ்சம் தாழ்த்துவார், கடைசியில் ஒரு பெருமூச்சு விடுவார். அடுத்த நிமிஷம் தட்டில் இன்னொரு துண்டுக் கோழி விழும். அப்பா வீட்டிலும் இதே கதைதான். "உங்கம்மா எப்படிடா இருக்கா?" என்று அப்பா கேட்டால், "இருக்காங்க..." என்று இழுத்து ஒரு பெருமூச்சு. அப்பா அதைக் கேட்டு உருகி, சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து இடம் விடுவார். பொய்யா? சேச்சே! குழந்தை தன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை பொய் சொன்னது கிடையாது. மூச்சுதான் விடுவார். மூச்சு விடுவது பொய்யில் சேருமா, நீங்களே சொல்லுங்கள்!

மூச்சுக்கு மசியாத நேரத்தில் எடுப்பதற்கு ஒரே ஒரு சொல் கைவசம் இருந்தது. "அங்க". அம்மா காலையில் எழுப்பினால், "அங்கல்லாம் எழுப்ப மாட்டாங்க." சித்தி குளித்த ஈரத்துண்டைக் காயப்போடச் சொன்னால், "அங்க நான் போட்டதே இல்ல." அவ்வளவுதான். இரண்டு பக்கமும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும். எந்தத் தாய்க்குத்தான் 'அங்கே'யிடம் தோற்க மனம் வரும்?

இத்தனைக்கும் அடித்தளம் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு வீடும் பேசிக்கொள்ளக்கூடாது. குழந்தை மூன்றாம் வகுப்பு படித்த நாளிலிருந்து அவை பேசிக்கொள்ளவில்லை. இப்படியே போயிருந்தால் குழந்தை குழந்தையாகவே பென்ஷன் வாங்கியிருப்பார். குறுக்கே ஒரு பெண் வந்துவிட்டாள்.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். கடை ஜன்னலுக்கு அளவெடுக்கப் போன குழந்தை, போன இடத்தில் சும்மா இருக்காமல் கண்ணையும் காட்டினார். அவள் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் நல்லாத்தாங்க இருக்கு."

"ரெண்டும் நல்லா இருக்க முடியாது. ஒண்ணைச் சொல்லுங்க."

இப்படி அவரிடம் இதுவரை யாருமே கேட்டதில்லை. தப்பான லென்ஸைத்தான் சொன்னார். ஆனால் காதல் வந்துவிட்டது.

அவளும் கணவனைப் பிரிந்தவள். எட்டு வயதில் ஒரு பெண் இருந்தாள். வாரத்தில் பாதி அம்மாவிடம், பாதி அப்பாவிடம். குழந்தைக்கு அந்தச் சிறுமியைப் பார்த்ததும் பயம் வந்தது. ஒரே தொழிலில் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் எடைபோடுகிற மாதிரி அந்தப் பெண் இவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு எத்தனை டூத்பிரஷ் அங்கிள்?" என்றாள். "மூணு" என்றார் குழந்தை. "எனக்கு ரெண்டுதான்" என்று மரியாதையாக ஒதுங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நாள் பழக்கத்துக்குப் பிறகு குழந்தை கல்யாணப் பேச்சை எடுத்தார். அவள் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நானும் இவளும் உங்க வீட்டுக்குச் சாப்பிட வரோம்."

"எந்த வீட்டுக்கு?"

"உங்க வீட்டுக்கு."

"அதான்... எந்த வீட்டுக்கு?"

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தாள். "இதோ பாருங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா எனக்கு ஏற்கெனவே ஒரு குழந்தை இருக்கு. இன்னொண்ணு வளர்க்கத் தெம்பு இல்ல. நீங்க வாடகை குடுக்கிற வீட்டுல, நீங்க சமைச்சு, உங்க அம்மா, அப்பா, சித்தி எல்லாரையும் கூப்பிடுங்க. ஒரு வேளைச் சாப்பாடு. ஆள் யாருன்னு தெரிஞ்சுடும். அப்புறம் சொல்றேன்."

எல்லாரையுமா! அம்மாவும் அப்பாவும் ஒரே அறையிலா? பேசிக்கொண்டால்? அதைவிட, மூச்சுகளை ஒப்பிட்டுப் பார்த்தால்? ஆனால் அவள் வேண்டும். இதுவரை குழந்தை எதையும் இப்படி வேண்டும் என்று நினைத்ததில்லை. நினைப்பதற்குள்தான் யாராவது கொடுத்துவிடுகிறார்களே.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கோழி எப்படிச் செய்வது என்று அம்மாவுக்குப் போன் போட்டார். அம்மா சொன்னபடி உப்பு போட்டார். சந்தேகம் வந்து சித்திக்கும் போன் போட்டார். சித்தி சொன்னபடியும் உப்பு போட்டார். இரண்டு வீட்டு உப்பும் ஒரே சட்டியில் இறங்கியது. "நீங்க யாரும் ஒண்ணும் கொண்டு வராதீங்க, நானே பண்ணிட்டேன்" என்று இருவரிடமும் கண்டிப்பாகச் சொன்னார். பாவம், குழந்தைக்கு என்ன தெரியும் என்று இருவருமே ஆளுக்கொரு அடுக்குக் கேரியரில் கோழி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

உட்கார இடமில்லை. இருந்த ஒரே நாற்காலியை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களை அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார வைத்தார். அப்பா உட்கார்ந்த பெட்டி 'புஸ்' என்று பாதி இறங்கி நின்றது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு முன்னாள் மனைவியைப் பார்க்கிற மனுஷன், முழங்கால் தாடையில் இடிக்க, தரையோடு தரையாக இருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா இருக்கியா?"

"எனக்கென்ன. நீங்கதான் கொஞ்சம் இறங்கிட்டீங்க."

கண் பரிசோதகி சிரித்துவிட்டாள். சித்தியும் சிரித்தார். போச்சு, சிரித்துவிட்டார்கள், இனி பேசுவார்கள் என்று குழந்தை கரண்டியை எடுத்தார். அவசர அவசரமாகப் பரிமாறினார். அவருடைய கோழியை எல்லாரும் ஒரு வாய் வைத்துவிட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள். பிறகு கேரியர்கள் திறந்தன.

"குழந்தைக்குக் காரம் ஆகாது, அதான் மிளகாயே போடாம பண்ணினேன்" என்றார் அம்மா.

சித்தி நிமிர்ந்தார். "காரம் ஆகாதா? எங்க வீட்டுல காரமா இருந்தாத்தான் அக்கா இறங்கும்."

'அக்கா' என்றதில் அம்மாவின் புருவம் ஏறியது. ஆனால் கேட்க வேண்டிய விஷயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "உங்க வீட்டுல அவனுக்கு ஒழுங்கா சாப்பாடே கிடையாதுன்னு..."

"ஐயோ, யார் சொன்னது?"

"அவன்தான்."

"அவன் அப்படிச் சொன்னானா?" என்றார் அப்பா தரையிலிருந்து.

அம்மா கொஞ்சம் யோசித்தார். நேர்மையான மனுஷி. "சொல்லல. பெருமூச்சு விட்டான்."

"எங்கிட்டயும் மூச்சுதான் விட்டான்" என்றார் அப்பா மெதுவாக. "நீ எப்ப பார்த்தாலும் அவனைத் திட்டிக்கிட்டே இருக்கேன்னு நினைச்சு, நான் சாய்வு நாற்காலியையே விட்டுக் குடுத்தேன். எனக்கு இடுப்பு வலி!"

"நான் திட்டறதா? நான் அவன் ஈரத்துண்டைக் கூட எடுத்துப் போடறேன். அங்க சித்தி போடறாங்கன்னு சொன்னான்."

"அக்கா! எங்கிட்ட அம்மா போடறாங்கன்னு சொன்னாரு!"

"சட்டை நான் துவைக்கிறேன்."

"பேண்ட்டு நான் துவைக்கிறேன்."

"அப்ப அவன் என்னதான் பண்றான்?" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்ந்த அந்த அரிய காட்சியைக் காண குழந்தைக்குக் கொடுத்து வைக்கவில்லை. கண்கள் தட்டில் இருந்தன. அவர் அறிந்த ஒரே வித்தை கைகொடுக்குமா என்று பார்த்தார். தலையைத் தாழ்த்தினார். பெருமூச்சு ஒன்றை உள்ளே இழுத்தார்.

"விடாதே!" என்று கத்தினார் அப்பா.

குழந்தை மூச்சை உள்ளேயே வைத்துக்கொண்டார். முகம் சிவந்தது. பார்க்க நிஜமாகவே பாவமாகத்தான் இருந்தது. சித்திக்கு மனம் கேட்கவில்லை; எத்தனை வருஷமாக நர்சரியில் இருக்கிறவர்! பேச்சை மாற்றுவதற்காகக் கேரியரைக் கையில் எடுத்தார்.

"சரி சரி, அப்புறம் பேசிக்கலாம். பாவம், குழந்தை ஒண்ணுமே சாப்பிடல. ஒரு துண்டு வைக்கிறேன்."

நம் குழந்தை தட்டை நீட்டினார்.

யோசித்து நீட்டவில்லை. கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடிக்கொள்கிற மாதிரி, கை தானாகவே நீண்டுவிட்டது. அதே நேரத்தில் எதிர்ப் பெட்டியிலிருந்து இன்னொரு தட்டும் நீண்டது. சின்னத் தட்டு. எட்டு வயதுத் தட்டு. சித்தி சொன்னது அவளைத்தான். கரண்டி இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு நின்றது. அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கண் பரிசோதகி எதையும் பார்க்காதவள் போல் ஜன்னலில் ஒட்டியிருந்த பழைய செய்தியைப் படிக்க ஆரம்பித்தாள்.

சிறுமி இவரைப் பார்த்தாள். தன் தட்டைப் பார்த்தாள். பிறகு கரண்டியைத் தானே பிடித்துத் துண்டை இவர் தட்டில் தள்ளினாள்.

"பாவம், எடுத்துக்கோங்க அங்கிள்."

எத்தனையோ பேர் அவருக்குப் பாவம் சொல்லியிருக்கிறார்கள். அத்தைகள், ஆசிரியைகள், வக்கீல் மனைவி. ஒருமுறைகூட அது தொண்டையில் சிக்கியதில்லை. இன்றைக்குச் சிக்கியது. காதெல்லாம் எரிந்தது. வெட்கம், ஐயா, வெட்கம்! முப்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக வந்ததால் அது என்னவென்று புரியவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதலில் உப்புதான் என்று நினைத்தார். அந்தத் துண்டை எடுத்து அவள் தட்டில் திரும்ப வைத்தார். சித்தியிடமிருந்து கேரியரை வாங்கி, இன்னொரு துண்டும் வைத்தார்.

"நீ சாப்பிடு. எனக்குப் போதும்."

எல்லாரும் சாப்பிட்டு முடித்தார்கள். தட்டுகள் குவிந்து கிடந்தன. வழக்கம்போல அம்மா எழுந்திருக்கப் பார்த்தார், சித்தியும் எழுந்திருக்கப் பார்த்தார். கண் பரிசோதகி இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். இருவரும் உட்கார்ந்தார்கள்.

அவர் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். குழாயை முழுசாகத் திறந்தார். தண்ணீர் தட்டில் பட்டுச் சட்டையெல்லாம் தெறித்தது. சோப்பு கை நழுவிக் கீழே போயிற்று. எடுக்கக் குனிந்தவர் தலையைக் குழாயில் இடித்துக்கொண்டார். 'ணங்' என்று கேட்டது. அம்மாவுக்கு அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "பா..." என்று ஆரம்பித்தும் விட்டார். அப்பா பெட்டியிலிருந்து கையை நீட்டி அம்மாவின் முழங்கையைத் தொட்டார். வேண்டாம் என்று தலையசைத்தார். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்து, அந்தச் சொல்லை மிச்சமில்லாமல் விழுங்கினார். பெற்றவளுக்கு அது எப்பேர்ப்பட்ட கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கண் பரிசோதகி ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்று, கழுவி வைத்த தட்டைத் துடைத்தாள்.

"கோழி வாயில வைக்க முடியல" என்றாள்.

"தெரியும்."

"அடுத்த ஞாயிறு எங்க வீட்டுக்கு வாங்க. நீங்கதான் சமைக்கிறீங்க. யாருக்கும் போன் பண்ணக்கூடாது."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்."

அவர் தட்டைத் தேய்த்தபடியே தலையாட்டினார். பெருமூச்சு வந்தது. இந்த முறை யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

கல்யாணம் முடிந்துவிட்டது. அவருடைய வாடகை வீட்டில் இப்போது குழந்தை என்றால் ஒரே ஒருத்திதான். அவளும் சும்மா இருக்கவில்லை. வந்த புதிதில், "அங்க அப்பா வீட்டுல வீட்டுப்பாடம் எழுதாமயே டிவி பாக்க விடுவாங்க" என்று தலையைத் தாழ்த்தி, மூச்சை லேசாக இழுத்துப் பார்த்தாள். அவர் ஏணியின் மேல் நின்று தன் வீட்டு ஜன்னலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்கப்பாவோட நேத்துதான் பேசினேன்" என்றார். சிறுமி மூச்சை விட்டுவிட்டு நோட்டை எடுத்தாள்.

சரி, கதையை விடுங்கள். இவ்வளவு நேரம் மச்சினனை நினைத்து நினைத்துச் சிரித்தீர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் இருக்கிற வீட்டில் திடீரென்று விளக்கெல்லாம் அணைந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது?

யோசியுங்கள், அவசரமில்லை.

என்ன அது, போனை எடுக்கிறீர்கள்? யாருக்கு?